பாளை சீவும் நேரம்

காலையில் கடைக்காரர் போன் பண்ணியதிலிருந்தே வீட்டில் சண்டைதான். எங்கள் பனை வினிகர் நன்றாகப் போகிறதாம். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு மடங்கு பாட்டில் வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் பதில் தெரிய வேண்டுமாம்.

"சரின்னு சொல்லிடு," என்றார் என் வீட்டுக்காரர்.

"வாய் சொல்லிடும். மரம் யாரு ஏறுவா? இருக்கிறது என் தம்பி ஒருத்தன். அவனும் குளவி கொட்டி, கை பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கான்."

"ஏற ஆள் இல்லன்னு மட்டும் சொல்லாதடி. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

போன வருஷம் இதே மனுஷன்தான் மரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் கட்டிலோடு கிடந்தார். இனிமேல் மரத்தில் கால் வைத்தால் அந்தக் காலை நானே முறிப்பேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அதற்கப்புறம் சாற்றை வடிகட்டுவது, பீப்பாயில் புளிக்க விடுவது, பாட்டிலில் அடைப்பது என்று தரையிலேயே இருந்தார். முகம் மட்டும் எந்நேரமும் மேலேதான்.

வெயில் இறங்கும் நேரம் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தேன். ஆளைக் காணோம். ஆணியில் தொங்கும், மரமேறும்போது மாட்டும் கால்தளையையும் காணோம். போட்டது போட்டபடி ஓடினேன்.

மரத்தடியில் அவர் செருப்பு. அண்ணாந்தால் அவர். பாளையைச் சீவாமல் விட்டால் காய்ந்துபோகும், சாறு நின்றுவிடும். அந்தச் சாக்கில் ஏறிவிட்டார். சீவி, கலயத்தையும் கட்டியிருந்தார். ஆனால் மட்டையைக் கட்டிப்பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

"கை வர மாட்டேங்குதுடி," என்றார். "இறங்கணும்னு நினைச்சா உடம்பு உதறுது."

"பயப்படாதீங்க. மெதுவா வாங்க. நான் இங்கதாங்க இருக்கேன்."

"என்னைக்கும் இல்லாம ஏன்டி இவ்வளவு பதவிசாப் பேசுறே? நான் விழுந்துடுவேன்னு நினைக்கிறியா?"

காற்றில் மரம் ஆடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"யோவ்! ஏறத் தெரிஞ்சுதில்ல, இறங்கத் தெரியாதா? மட்டையை விட்டுட்டு மரத்தைப் பிடிய்யா!"

ஒரு கை வந்தது. பிறகு மறு கை.

"உங்கம்மா உன்னைப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லைப் பெத்திருந்தா அரைக்கவாவது ஆகியிருக்கும்! காலை இறக்கு!"

கால் இறங்கியது. கல்யாண போட்டோவில் அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்ததிலிருந்து, நேற்று டீயில் சர்க்கரை பத்தவில்லை என்றது வரைக்கும் இழுத்து வைத்துத் திட்டினேன். திட்டத் திட்ட இறங்கினார். அவர் பாதி மரத்தில் இருக்கும்போது என் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று.

"ஏன்டி நிறுத்திட்டே?" கால் வழுக்கி, மரத்தோடு அப்பிக்கொண்டார். "பேசுடி! ஐயோ, ஏதாவது பேசுடி!"

அவர் செருப்பை எடுத்து, பக்கத்திலிருந்த தகர டின்னை ஓங்கி ஓங்கி அடித்தேன். ஒரு அடிக்கு ஒரு பிடி. அடித்துக்கொண்டே இருந்தேன், அவர் பாதம் மண்ணில் படும்வரைக்கும்.

சட்டையைப் பிடித்து முதுகில் நாலு சாத்து சாத்தினேன். அப்புறம் அதே சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். நீ இல்லாமல் எனக்கு வினிகராவது வியாபாரமாவது என்று சொல்ல வந்தேன். குரல் வரவில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கடைக்காரர். நான் பேச முடியாமல் நின்றேன். அவர் வாங்கிக் காதில் வைத்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மரத்து உச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சீவின பாளையிலிருந்து கலயத்தில் சாறு சொட்டிக்கொண்டிருக்கும்.

"சொல்லுங்க. ஆமா, நான்தான் பேசுறேன்." உச்சியிலிருந்து கண்ணை எடுத்தார். "ரெண்டு மடங்கெல்லாம் முடியாதுங்க."

அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் குனிந்து காலிலிருந்த தளையைக் கழற்றி, என் கையில் வைத்தார்.

"ஏற ஆள் இல்லங்க," என்றார்.