சரி பண்ணும் மாத்திரை

ஜூலி பொய் சொல்லவில்லை. இதை அவளே தனக்கு நூறு தரம் சொல்லிக்கொண்டாள். படிவத்தை வரி விடாமல் படித்தாள், கேமராவுக்கு முன்னால் படித்தாள், படித்ததற்குக் கையெழுத்தும் வாங்கினாள். சட்டப்படி அவள் மேல் குன்றிமணி அளவுகூடத் தப்புக் கிடையாது. ஆனால் நடுவில் கேமராவை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள், அந்த வார்த்தைதான் கொளஞ்சியைக் கொண்டுபோய் ஆக்சிஜன் முகமூடிக்குள் படுக்க வைத்தது.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே முடக்குவாதத்துக்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு நடந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே புத்தி கெட்டுப்போய்ச் சொந்த மூட்டுகளைத் தின்கிற வியாதி அது. வேலியே பயிரை மேய்கிற கதைதான். மாத்திரை அந்தச் சக்தியை அடக்கும். பன்னிரண்டு நோயாளிகளைப் பிடித்து, படிவத்தைப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கி, ஆறு மாதம் விடாமல் விசாரிப்பது ஜூலியின் வேலை.

படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ‘இம்மருந்து உங்கள் நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்.’ சனியன் பிடித்த வரி. முதலில் வந்த மூன்று பேரும் அதுவரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்துவிட்டு, அந்த இடத்தில் எழுந்து போனார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று கபசுரக் குடிநீரை அண்டா அண்டாவாகக் காய்ச்சிக் குடித்த ஊர் இல்லையா? “இருக்குற சக்தியையும் புடுங்கிக்கவா கூப்ட்டீங்க?” என்று ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். ஆள் சேரவில்லையே என்று ஆய்வை நடத்தும் டாக்டர் எழிலரசன் வாரம் தவறாமல் முகத்தைச் சுளித்தார்.

நான்காவதாக வந்தவள் கொளஞ்சி. பக்கத்தில் சாரம் என்கிற இடத்தில் வீடு, மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை, நாற்பத்தெட்டு வயது. காலையில் எழுந்தால் விரல் மடங்க ஒன்பது மணியாகும். ஜாக்கெட் கொக்கியை மகள் தீபலட்சுமிதான் மாட்டிவிட வேண்டும். கேள்விகளை ஒவ்வொன்றாக ஜூலி கேட்டுக்கொண்டு வந்தாள்.

“சின்ன வயசுல அம்மை போட்டுச்சாக்கா?”

“தெரியலயே கண்ணு. எனக்கு ரெண்டு வயசுலயே பெத்தவ போயிட்டா. யாரப் போயி கேக்குறது?”

ஜூலி ‘தெரியவில்லை’ என்று குறித்துக்கொண்டாள். ஒன்பதாம் பக்கம் வந்தது. அந்த வரியை ஓட்டமாய் ஓடிப் படித்தாள். கொளஞ்சி விடவில்லை.

“சக்தி கொறையும்னு ஏதோ படிச்சியே, அது என்னா?”

பேட்டரி மாற்றுகிற சாக்கில் ஜூலி கேமராவை நிறுத்தினாள். “அது ஒண்ணுமில்லக்கா. உங்க எதிர்ப்பு சக்தி தாறுமாறா ஓடுது. இந்த மாத்திர அத சரி பண்ணும்.”

“சரி பண்ணுமா?”

“சரி பண்ணும்.”

கேமரா மறுபடி ஓடியபோது கொளஞ்சி வளைந்த விரலால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கேட்கவா வேண்டும்? ஜூலிக்கு வழி பிடிபட்டுப்போனது. அடுத்து வந்த பதினோரு பேருக்கும் ஒன்பதாம் பக்கத்தில் பேட்டரி தீர்ந்தது, எல்லாருக்கும் மாத்திரை சரி பண்ணியது. மாதம் முடிவதற்குள் கணக்கு நிறைந்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்துக்கு டாக்டர் கேக் வெட்டி, முதல் துண்டை ஜூலி கையில் கொடுத்தார்.

ஆறாவது வாரம் கொளஞ்சி வந்து, “இங்க பாரு” என்று ஜூலியின் முகத்துக்கு நேராக முஷ்டியை மடக்கிக் காட்டினாள். கொக்கியை அவளே மாட்டிக்கொள்கிறாளாம். ஜூலிக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த உறுத்தலும் அன்றைக்குப் போய்விட்டது.

பங்குனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல ஜூலி ஒவ்வொருவராகப் போனில் விசாரித்துக்கொண்டிருந்தாள். கொளஞ்சியின் முறை வந்தது.

“உங்களுக்கோ வீட்டுல வேற யாருக்கோ நோய், காச்சல் ஏதாவது இருக்காக்கா?”

“நோயெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. ஊட்டுக்கு அம்மா வந்திருக்காங்க. ஒரு வாரத்துக்கு என்னால எங்கயும் நவுர முடியாது.”

“சரிக்கா. நல்லா கவனிச்சுக்குங்க.”

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு ஜூலி அடுத்த எண்ணை அழுத்தினாள். ரெண்டு வயதில் தாயைப் பறிகொடுத்தவள் வீட்டுக்கு எந்த அம்மா வருவாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே. அம்மை போட்டால் அதை நோய் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம், காதில் விழவில்லை.

அந்தப் போனுக்கு மூன்றாவது வாரம் கொளஞ்சியை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் முத்து. நுரையீரலிலும் இறங்கிவிட்டது. மூச்சு விட முடியவில்லை. டாக்டர் ஆய்வு மாத்திரையை நிறுத்தித் தீவிர சிகிச்சையில் சேர்த்தார். வெளியே தீபலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“எம் புள்ளைக்குத்தான் மொதல்ல அம்மா வந்துச்சு,” என்றாள் ஜூலியைப் பார்த்ததும். “நீ தள்ளி இரும்மான்னு சொன்னேன். எங்க கேட்டாங்க? ‘ஆஸ்பத்திரியில எதிர்ப்பு சக்திய சரி பண்ண மாத்திர குடுக்குறாங்கடி, எனக்கு ஒண்ணும் ஆவாது’ன்னு ராவும் பகலும் அவங்கதான் புள்ளய மடியில போட்டு வேப்பல தடவிகினு இருந்தாங்க.”

ஜூலி நேராகப் போய் டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று அறைக்குள் நுழைந்தாள். அவரோ கணினியில் அந்தச் சம்மத வீடியோவைப் பார்த்து முடித்திருந்தார். “பக்காவா படிச்சிருக்கம்மா. குறையும்னு தெளிவா சொல்லியிருக்க. நம்ம பக்கம் ஒரு தப்பும் இல்ல,” என்றார். ஜூலி வாயைத் திறந்தாள். “தேங்க்ஸ் சார்” என்றுதான் வந்தது.

சனிக்கிழமை சர்ச்சுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் உட்கார்ந்தாள். மாமியாரிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னாள், இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாததைச் சொன்னாள். இதைச் சொல்ல வாய் வரவில்லை. சாமியார் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றையும் சொல்லிவிட்டு வெளியே வந்து, செருப்பை எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றாள். உள்ளே போனதைவிடப் பாரம் கூடித்தான் இருந்தது.

பதினோராம் நாள் கொளஞ்சிக்கு முகமூடியை எடுத்தார்கள். ஜூலி பக்கத்தில் போய் நின்றாள். முகம் முழுக்கப் பொருக்கு. கொளஞ்சி கண்ணைத் திறந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன மன்னிச்சுடு கண்ணு.”

“என்னாத்துக்குக்கா?”

“அம்மா ஊட்டுல இருக்கசொல்ல மருந்து மாத்திர தொடக் கூடாது. உங்கிட்ட வாக்கு குடுத்துட்டமேன்னு நா நிறுத்தல, முழுங்கிகினே இருந்தேன். அதான் அவ கோச்சுகினா. உன் வேலையையும் கெடுத்துட்டேன்.”

இதை மட்டும் ஜூலியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, அம்மாவும் கோச்சுக்கல, நீங்களும் ஒரு தப்பும் பண்ணல. அது எதிர்ப்பு சக்திய கொறைக்கிற மாத்திர. சரி பண்ணும்னு நாந்தான் சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணு இல்லியா?”

“இல்லக்கா. கொறையும்னு வெளக்கிச் சொல்லியிருந்தா நீங்க புள்ளய மடியில வச்சிருக்க மாட்டீங்க.”

“மடிய வுடு. கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்.”

“தெரியும்க்கா. அதனாலதான் சொல்லல.”

கொளஞ்சி தன் கையை விடுவித்துப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். ஜூலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. கொளஞ்சி அதைத் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. இருமல் வந்தது, இருமி முடித்தாள்.

“இந்த மாத்திரய எத்தினி பேரு தின்றோம்?”

“உங்களோட சேத்து பன்னெண்டு பேரு.”

“அவங்களுக்கும் சரி பண்ணும்னுதான் சொன்னியா?”

ஜூலி ஆமென்று தலையை ஆட்டினாள்.

“அப்ப எங்கிட்ட என்னாத்துக்கு ஒக்காந்து அழுவுற?” என்றாள் கொளஞ்சி. “வெயிலு ஏறிப்போச்சு. எங்க தெருவுலயே நாலு ஊட்டுக்கு அம்மா வந்திருக்கா. எந்திரி, போய் அவங்களுக்குச் சொல்லு.”