ஹீத் பார்க்காத கோல்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவன் ஹீத் மல்காஹி. கதையின் நாயகனும் அவன்தான். கதை தெரியாத ஆளும் அவன்தான்.

எங்கள் குளிர்காலமான ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கோபர்ன் ஹில் ஊருக்குப் போய், அவர்களுடைய மைதானத்தில், அவர்களுடைய சேற்றில் எங்கள் வில்கர்ரா கால்பந்து அணி ஜெயித்தது. கடைசி கோலை அடித்தது ஹீத். இதுவரை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது காலில் அடிபட்டு—

(இந்த வாக்கியம் சரிவராது. இது பந்தைக் கையாலும் பிடிக்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து; ஆட்டத்துக்கு நான்கு கால் பகுதிகள். "மூன்றாவது காலில் அடிபட்டு" என்றால் நீங்கள் காலில் அடி என்று எடுத்துக்கொள்வீர்கள். அடிபட்டது தலையில்.)

ஆகவே இப்படி. ஆட்டம் முக்கால்வாசி முடிகிற சமயம், உயரே வந்த பந்துக்காக ஹீத்தும் எதிரணிக்காரன் ஒருவனும் ஒன்றாக எகிறினார்கள். அவனுடைய முட்டி ஹீத்தின் பின்மண்டையில் இறங்கியது. வேண்டுமென்று செய்ததல்ல. ஹீத் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். எங்கள் முதலுதவிக்காரர் ஓடிப்போய் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். சனி என்றான். சரியான பதில்தான். எங்கள் பக்கத்தில் ஆட்டம் சனிக்கிழமை மட்டுமே நடக்கும். பாதி மயக்கத்தில் இருப்பவனும் அதைச் சொல்லிவிடுவான். கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார வைத்து, மறுபடி இறக்கிவிட்டார்கள்.

அடி விழுந்ததிலிருந்து மறுநாள் காலை வரை அவனுக்கு எதுவும் நினைவில்லை.

திங்கட்கிழமை என் வாசலில் வந்து நின்றான். எங்கள் வீடுகளுக்கு நடுவில் இருப்பது அவனே போட்ட கம்பிவேலிதான். அவன் தொழில் அது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெயிலே இல்லாத வானத்தைக் கையால் மறைத்தபடி சொன்னான்.

"மச்சான், கிளப்புக்கு வாராவாரம் ஆட்டத்தைப் பத்தி நீதானே எழுதுற. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. நான் என்ன பண்ணேன்னு."

2

முதல் தொடக்கம்: "மழை விட்டிருந்தது; காற்று விடவில்லை. மைதானத்தைச் சுற்றி மூக்கை உள்ளே நீட்டி நின்ற கார்களின் கண்ணாடியில்—"

அழகாக இருக்கிறது. ஹீத்துக்கு எதற்கு இது? கார் எப்படி நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டாவது: "கோபர்ன் ஹில்லில் நாங்கள் ஜெயித்துப் பல வருடம் ஆகியிருந்தது. முதல் கால் பகுதியில் காற்று அவர்கள் முதுகுக்குப் பின்னால். எங்கள் பையன்கள் உதைத்த பந்து உதைத்தவன் கைக்கே திரும்பி வந்தது. இரண்டாவதில் பக்கம் மாறும்போது காற்று எங்களுக்குத் திரும்பும் என்று காத்திருந்தோம். திரும்புகிற நேரம் பார்த்து அது நின்றுவிட்டது. பாதி ஆட்டத்தில் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், இன்னொருவனுக்கு விரல் பிசகியது. ஆனாலும் விடவில்லை. சேற்றோடு சேறாகப் புரண்டு, ஒவ்வொரு பந்துக்கும் நாலு பேர் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தோம். கடைசி நிமிடத்தில் நாலு புள்ளி பின்னால் இருந்தோம்."

இது பரவாயில்லை. இதையெல்லாம் நான் பார்த்தேன். (பெரிய கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே உதைத்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் தள்ளிப் போனால் ஆறுதலுக்கு ஒன்று. நாலு புள்ளி பின்னால் இருப்பவனுக்கு அந்த ஆறுதல் எந்த உபயோகமும் இல்லை.)

அப்புறம் இப்படி எழுதினேன்: "அந்தக் கடைசி நிமிடத்தில் ஹீத் பந்தை நோக்கி ஓடியதை நான் பார்—"

பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் கழிப்பறையில் இருந்தேன். குளிர் அப்படி. தகரக் கொட்டகை, கதவு சரியாகச் சாத்தாது, சாத்தினால் சரியாகத் திறக்காது. கோல் விழுந்தால் அந்தந்த ஊர்க்காரர்கள் காருக்குள் இருந்தபடியே ஹாரன் அடிப்பார்கள். அவர்கள் கோல் என்றால் மைதானம் முழுக்க அலறும். நான் கேட்டது அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு ஹாரன். எங்கள் ஊரிலிருந்து வந்திருந்த கார்கள் அவ்வளவுதான். அதை வைத்துத்தான் ஜெயித்தோம் என்று தெரிந்துகொண்டேன்.

அந்த ஆட்டத்தின் முக்கியமான நொடி தெரிந்திருக்க வேண்டிய இருவரில் ஒருவனுக்கு நினைவில்லை. இன்னொருவன் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

3

ஆகவே பார்த்தவர்களைக் கேட்கப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

எங்கள் பயிற்சியாளர் வாஸ் சொன்னது: ஹீத் மூன்று பேர் தலைக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்தான். (அப்படிப் பிடித்தவனை உதைக்கிற வரை யாரும் தொடக்கூடாது.) நின்றான். காலுறையை மேலே இழுத்துவிட்டான். ஒரு மூச்சு விட்டான். உதைத்தான். பந்து கோடு கிழித்த மாதிரி போனது. சொல்லும்போதே வாஸுக்குக் கண் கலங்கியது. கலங்குகிற கண்ணை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அணியில் ஹீத்துக்குப் பக்கத்தில் ஆடுகிற டன் என்பவன் சொன்னது: எவனும் எதையும் பிடிக்கவில்லை. குவியலாகக் கிடந்தவர்களுக்குள்ளிருந்து பந்து சோப்பு மாதிரி வழுக்கி வெளியே வந்தது. ரோட்டில் கிடக்கிற கல்லைத் தட்டுவது போல ஹீத் அதைத் தட்டினான். அது நாலு தடவை குதித்து, ஐந்தாவது தடவை மனசு மாறி உள்ளே போனது.

மூன்றாவதாக, முட்டிக்குச் சொந்தக்காரனுக்கு போன் செய்தேன். பெயர் க்ளின் ஆப்ஸ்லி. ஹீத்தின் உடம்பு எப்படி என்றுதான் முதலில் கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"உதைக்கிறதுக்கு முன்னாடி அவன் என்னைப் பாத்து, 'நாம எந்தப் பக்கம் உதைக்கணும்'னு கேட்டான். கிண்டல் பண்றான்னு நெனச்சேன். நானும் கையைக் காட்டினேன். சரியான பக்கத்தைத்தான் காட்டித் தொலைச்சேன். எங்க ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மூன்று பேரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிப் பார்த்தேன்: ஹீத் எழும்பிப் பிடித்து, கீழே போட்டு, வழி கேட்டு, தட்டி— வேண்டாம்.

4

வாஸின் கதையை எடுத்துக்கொள்ளச் சொன்னது ரோஷெல். ஹீத்தின் மனைவி. வேலியைச் சுற்றிக்கூட வராமல், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினாள்.

அரையிறுதி வந்துகொண்டிருந்தது. தலையில் அடிபட்டவன் மூன்று வாரம் ஆடக்கூடாது என்பது விதி. மூன்று வாரம் அரையிறுதிக்கு முன்பே முடிந்துவிடும். ஆடும் முன் டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்பார்: தலைவலி இருக்கிறதா? ஹீத்துக்கு இருந்தது. காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் முனகினான். ஆனால் தலை யாருடையதோ அவன்தானே பதில் சொல்ல வேண்டும்? இல்லை என்று சொல்லிவிட்டு ஆடப்போவதாக ரோஷெல்லிடமே சொல்லியிருந்தான். ஒரே ஒரு ஆட்டம், முழுதாக நினைவில் இருக்கிற மாதிரி ஆடிவிட்டு நிறுத்திக்கொள்கிறானாம்.

"நீ எழுதுறதைப் படிச்சா அவனுக்கே அது ஞாபகம் இருக்கிற மாதிரி ஆயிடணும்," என்றாள் ரோஷெல். "அப்புறம் இன்னொண்ணு எதுக்கு?"

கதைகளை நான் இதற்கு முன் இப்படி வேலைக்கு அனுப்பியதில்லை. ஒரு மனிதனின் மண்டையைக் காப்பாற்றும் அளவுக்கு என் வாக்கியங்களுக்குப் பலம் உண்டா? இருந்தால், அது நல்லதா? நடக்காத ஒன்றை நினைவாக ஊட்டி ஒருவனை வீட்டில் உட்கார வைப்பது உதவியா, வேறு ஏதாவதா? குழப்பத்தோடுதான் எழுதினேன். வாஸ் சொன்னபடி, காலுறை உள்பட.

5

அரையிறுதிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் சமையலறையில் வைத்துப் படித்தேன். ரோஷெல் ஆட்டுக்கறித் துண்டுகளை வாணலியில் திருப்பிக்கொண்டிருந்தாள். விளக்கு ஒன்றுதான் எரிந்தது, ஹீத்தின் கண்ணுக்காக.

நன்றாகத்தான் படித்தேன். பந்து கம்பங்களுக்கு நடுவே போன இடத்தில் என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

முடித்ததும் ஹீத் தலையாட்டினான். "ஆளு நல்ல ஆளா இருக்கான். எனக்குத்தான் அவனைத் தெரியல," என்றான்.

பிறகு கேட்டான்: "அடிச்சப்புறம் நான் சந்தோஷமா இருந்தேனா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கழிப்பறை, கதவு, ஹாரன் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்தான். சிரித்ததில் தலை வலித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டும் சிரித்தான்.

ரோஷெல் அடுப்பை அணைத்தாள். திரும்பாமலே பேசினாள்.

"ஆட்டம் முடிஞ்சதும் நீ நேரா நம்ம காருக்கு வந்த. எல்லாரும் உன்னைத் தூக்க ஓடி வர்றாங்க, நீ தள்ளிவிட்டுட்டு வந்த. கண்ணாடியைத் தட்டினே. 'அப்பா பாத்தாரா'ன்னு கேட்ட."

ஹீத்தின் அப்பா டெஸ் இறந்து நாலு குளிர்காலம் ஆகிறது. மகன் ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூட விடாதவர். பாராட்டி ஒரு வார்த்தை சொல்லாதவர்.

ஹீத் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ என்ன சொன்ன?"

"பாத்தாருன்னு சொன்னேன். சிப்ஸ் வாங்கப் போயிருக்கார்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

"அதுக்கு நான்?"

"'சரி'ன்னே. பக்கத்துல ஏறி உக்காந்துகிட்டே. ஊர் வர்ற வரைக்கும் சிரிச்ச முகமாவே இருந்த. நான்தான் கண்ணுல தண்ணியோட ரோடு தெரியாம ஓட்டிட்டு வந்தேன்."

பிறகு ஹீத் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் அவள் பின்னால் நின்றான். அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டான். வைத்தபடியே என்னிடம் சொன்னான்.

"கோலை எடுத்துடு மச்சான். இதை எழுது."

[எடுக்கவில்லை. மூன்று கோல்களும் மேலே அப்படியே இருக்கின்றன. எது நடந்தது என்று தெரியாதபோது எதை எடுப்பது?]

6

இனி முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், மறுநாள் டாக்டரம்மா கேட்கிறார், ஹீத் "வலிக்குது" என்கிறான், சனிக்கிழமை காருக்குள் ரோஷெல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் கோல்களுக்கு ஹாரன் அடிக்கிறான். இன்னொன்றில் "வலிக்கல" என்கிறான், இறங்கி ஆடுகிறான், ஒவ்வொரு நிமிடமும் அவனுக்கு நினைவிருக்கிறது. அல்லது— அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை நான் எங்கும் போகவில்லை. ஆட்டம் தொடங்குகிற சைரனிலிருந்து முடிகிற சைரன் வரை மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

சொல்லியிருப்பேன். எழுதியும் வைத்திருந்தேன். இதை வெளியே அனுப்பும் முன் ஹீத்திடம் காட்டினேன். மெதுவாக, விரல் வைத்து, கடைசி வரை படித்தான். பிறகு முடிவு இருந்த அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஏன் என்று கேட்டேன்.

"இதைப் படிக்கிறவங்க யாரும் என்னைப் பாத்ததில்ல இல்லையா?" என்றான். "என்னைப் பத்தி எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியாம இத்தனை நாள் சுத்திட்டேன். எனக்குத் தெரிஞ்சு அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணாவது இருக்கட்டும்."