தாரிணி திரும்பிப் போனாளா

கேபிள்காரன் தமிழ்ச் சேனலைத் தூக்கிவிட்டதில் சீரியலில் தாரிணியின் கதை பாதியில் நின்றுபோனது. புருஷன் அடித்ததால் அம்மா வீட்டுக்கு வந்த தாரிணி திரும்பிப் போனாளா, இல்லையா? புனே விஷ்ராந்த்வாடியின் அந்த வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாது. அந்தச் சீரியலை வைத்து எழுதிய நாவல் ஒன்றைக் காவ்யா தன் ஊரான கோயம்புத்தூர் போய் வந்தபோது வாங்கி வந்திருந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் தமிழ் படிக்க வராது. கனகவல்லி வீட்டில் வாடகைக்கு இருந்த காவ்யா சனிக்கிழமை மத்தியானங்களில் வாசலில் உட்கார்ந்து அதை வாசிப்பாள். மற்றவர்கள் கேட்பார்கள்.

கேட்பார்கள் என்றால் சும்மா இல்லை.

“எழுதினவன் சீரியலே பாத்ததில்ல,” என்றாள் எதிர்வீட்டு சரசா. “நம்ம தாரிணி மாமியார ‘அத்தை’ன்னா கூப்பிடுவா? ‘அம்மா’ன்னுதான.”

“சீரியல்ல அவ அழுதா நமக்கும் தொண்டை அடைக்கும். இவன் ‘கண்ணீர் பெருகியது’ன்னு போட்டுட்டுப் போறான். அவ்ளோதான்,” என்றாள் பவுன்.

“ஃபுக்கட்ல, காசு வாங்காம வாசிக்கிறா, அதுலயும் குறை,” என்றாள் கனகவல்லி.

கனகவல்லியின் மகள் ஷீலா ஒரு பக்கம் மேத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உதட்டுக் காயம் ஆறித் தழும்பாகிவிட்டது. அவளை அழைத்துப் போக கசார்வாடியிலிருந்து புருஷன் நாளைக்கு வருகிறான்.

காலையில் அடுப்படியில் வைத்துக் கனகவல்லி காவ்யாவிடம் சொல்லியிருந்தாள்: “கடைசில என்ன எழுதியிருந்தாலும் தாரிணி போயிட்டான்னே வாசிம்மா. அதக் கேட்டா இவளுக்கும் மனசு எறங்கும். உன்ன என் பொண்ணு மாதிரி வெச்சிருக்கேன்ல.”

இந்த ஊருக்குத் தனியாக வந்த பெண்ணுக்கு வீடு கொடுப்பவர்கள் குறைவு. அதை அலைந்து தெரிந்துகொண்டவள் காவ்யா. தலையை ஆட்டிவிட்டாள்.

இப்போது பக்கத்தைத் திருப்பியதும் அவள் கண் முந்திக்கொண்டு ஓடியது. வாசலில் நிற்கும் புருஷனைத் தாரிணி உள்ளே விடவில்லை. காவ்யா நிமிர்ந்தாள். கனகவல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“‘தப்பு என் மேலயும் இருக்கு, கிளம்பலாங்க’ என்று தாரிணி பெட்டியை எடுத்தாள்,” என்று காவ்யா வாசித்தாள்.

“சே, இதுக்கா இத்தனை பக்கம்?” என்றாள் சரசா.

ஷீலாவின் கை நின்றது. “காவ்யா, அவ சொன்னத இன்னொரு தடவ வாசி.”

காவ்யா பக்கத்தைப் பார்த்தாள். அந்த வரி அங்கே இல்லை. “‘நானும் தப்புப் பண்ணிட்டேன், வாங்க போகலாம்’...”

சீரியலின் ஒரு வார வசனத்தை வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பவர்கள் அவர்கள்.

“மொதல்ல ‘கிளம்பலாம்’னா,” என்றாள் பவுன். “இப்ப ‘போகலாம்’ங்கிறா.”

“வெயில்ல அந்தப் புள்ளைக்குக் கண்ணு மசங்குது. விடுங்கடி,” என்றாள் கனகவல்லி.

ஷீலா எழுந்து வந்து காவ்யா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளால் படிக்க முடியாத பக்கத்தின் மேல் விரலை வைத்தாள். “இங்க என்ன எழுதியிருக்கோ அத மட்டும் சொல்லு.”

காவ்யா யாரையும் பார்க்காமல் வாசித்தாள். “‘இனி இந்த வாசலுக்கு வராதே’ என்றாள் தாரிணி. கதவைச் சாத்தினாள்.”

“இது நம்ம தாரிணி,” என்றாள் சரசா. “எழுதினவன் பாத்திருக்கான்டி.”

கனகவல்லி எழுந்துகொண்டாள். “கதையில சாத்திடலாம். நாளைக்கு மாப்பிள்ளை வந்து நின்னா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்,” என்றாள் ஷீலா.

கனகவல்லி மகளைப் பார்க்கவில்லை. “மாசம் முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்கோ, காவ்யா.”

“சரிங்க ஆன்ட்டி,” என்றாள் காவ்யா.

“சாத்தினதுக்கு அப்புறம் அவ என்ன செஞ்சா?” என்று ஷீலா கேட்டாள்.

காவ்யா புரட்டிப் பார்த்தாள். பின்னால் விளம்பரம்தான் இருந்தது.

“அதோட முடிச்சுட்டாங்கக்கா.”