குழாயடிப் பாத்தி

1

இந்தக் கதை ஃபிரிட்ஜ் கதவில் பிறந்தது. அங்கே ஒட்டியிருக்கும் அட்டவணையில் மூன்று வருடமாக நான் போட்ட பொய் டிக்குகள்தான் மூலம். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். எழுதுகிறவனுக்கு அது பெரிய விஷயமில்லை.

2

முதல் தொடக்கம்: ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில்...

(அடித்துவிட்டேன். தபால்காரர் நான்தான் என்பது இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும்.)

இரண்டாம் தொடக்கம்: மண்ணுக்கும் நினைவு உண்டு என்று...

(வேண்டாம். மனைவி சிரிப்பாள்.)

3

என் மனைவி பாலம் கட்டுகிற பொறியாளர். வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்திகள். பூசணி, பீன்ஸ், கீரை, வெங்காயம் நான்கும் வருடத்துக்கு ஒரு பாத்தி நகர வேண்டும். பூசணி போட்ட இடத்தில் அடுத்த மூன்று வருடம் பூசணியோ அதன் பங்காளி வெள்ளரியோ தலைகாட்டக் கூடாது. காட்டினால் அவற்றுக்கு வரும் பூஞ்சை நோய் மண்ணிலேயே குடித்தனம் நடத்தும். இதையெல்லாம் அட்டவணையாக்கி ஒட்டிவிட்டு, தூரத்தில் ஓர் ஆற்றுக்குப் பாலம் கட்டப் போனாள். அந்த வருடம் பூசணி முதல் பாத்தியில். அடுத்து இரண்டு, மூன்று, நான்கு. அவள் திரும்பும்போது மறுபடி ஒன்று.

முதல் பாத்தி குழாயடியில் இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் வாளி தூக்க வேண்டும். புரிந்திருக்குமே: தண்ணீர் அதிகம் குடிக்கும் பூசணி மூன்று வருடமும் குழாயடியை விட்டு நகரவில்லை.

* விடுப்பில் வந்தபோது கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். வருவதே கொடியைப் பிடுங்கிய பிறகுதான். நான் அனுப்பிய படங்களில் பூசணிக்காய் மட்டும் திரையை அடைத்துக்கொண்டிருக்கும். பூசணிக்காயை மறைப்பது பற்றி நம்மிடம் ஒரு சொலவடை உண்டு. தயவுசெய்து யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

4

கணவன் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாளி தூக்கச் சோம்பி ஒருவன் மூன்று வருடம் பொய் சொல்வானா? ஆளை மாற்றலாம்தான். வீட்டில் வேறு ஆள் இல்லை.

இந்த வருடம் அவள் திரும்பி வந்து, அட்டவணைப்படி முதல் பாத்தியில் விதை போட்டாள். பூ விடும் நேரத்தில் இலைகள் மத்தியானம் தொங்கின. பிறகு சாயங்காலமும் நிமிரவில்லை. தண்டை அறுத்துப் பார்த்தாள். உள்ளே பழுப்பு.

"மூணு வருஷம் இடம் விட்டும் நோய் வருதுன்னா, நான் போட்ட திட்டமே தப்பு" என்றாள்.

"வெயில் ஜாஸ்தி" என்றேன்.

[இந்த இடத்தில் கணவன் உண்மையைச் சொல்வதாக ஒரு வரி எழுதியிருந்தேன். பொய் எழுதக் கூச்சமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

மறுநாள் மேஸ்திரியிடம் பேசிவிட்டாள். சனிக்கிழமை காலை வந்து நான்கு பாத்தியையும் சிமெண்ட் போட்டு மூடுவாராம். வண்டி நிறுத்த வசதியாம்.

"எனக்கு வராத வேலை. விட்டுடலாம்."

ஆற்றின் மேல் பாலம் நிறுத்தியவள் சொல்கிறாள், தனக்கு வராதாம். நான் போய் வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

5

முடிவுகள்:

அ) சிமெண்ட். அதற்குப் பயிர் சுழற்சி தேவையில்லை. கணவன் தப்பித்தான்.

ஆ) கணவன் ஒப்புக்கொள்கிறான். கொடி தளிர்க்கிறது. (பூஞ்சைக்கு மனசாட்சி கிடையாது. நீக்கம்.)

இ) கணவன் ஒப்புக்கொள்கிறான். அவள்

6

முடிவை வாசகரிடம் விடுவது சோம்பேறி எழுத்தாளர்களின் வழக்கம். என் சோம்பேறித்தனத்துக்குச் சான்றிதழ் மேலேயே இருக்கிறது. ஆனால் நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் ஒருத்திதான், கையில் சிவப்புப் பேனாவோடு. இன்று வெள்ளிக்கிழமை. இந்தத் தாள்களை அந்த அட்டவணையோடு சேர்த்துச் சமையலறை மேசையில் வைக்கப் போகிறேன்.

மற்றவர்கள் இங்கேயே எழுந்து போகலாம்.

நீ இதைப் படிக்கும்போது நான் நான்காம் பாத்திக்கு வாளி தூக்கிக்கொண்டிருப்பேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். உன் திட்டத்தில் ஒரு தப்பும் இல்லை. மேஸ்திரியின் எண் உன் போனில்தான் இருக்கிறது. அந்த இ-யை நீயே முடி.