வண்டியில் ஏறாத இரண்டு பேர்

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஜோர்டானின் கரக் ஊரில் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டும் அறையின் வாசல். ‘என் உம்மா’ என்று எழுதத் தொடங்கினேன், கோடிட்டு அடித்தேன். ‘என் மாமியார்’ என்று தொடங்கினேன், அதையும் அடித்தேன். [இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். யாரென்று கேட்காதீர்கள்.]

2.
என் கல்யாணப் பேச்சு நடந்த சமயம். அடுத்த வாரம் மாப்பிள்ளை தலாலின் வீட்டு ஆண்கள் பெண் கேட்டு வருவார்கள். நாங்கள் சம்மதம் சொன்னால்தான் எங்கள் காபியைத் தொடுவார்கள். அந்த நேரம் பார்த்து மார்பகப் படம் எடுக்கும் வண்டி சந்தைக்கு வந்தது.

“நாப்பது தாண்டினவங்க வாங்கம்மா! கட்டி கையில தட்டுப்படட்டும்னு காத்திருக்காதீங்க!” என்று நர்ஸ் ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள்.

உம்மாவோடு போனேன். வண்டிப் படியருகே தலாலின் தாயார் நின்றிருந்தார். (மூத்த மகன் பேரோடு ‘உம்’, அதாவது தாய், சேர்த்துக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்; நாயிஃப் என் சகோதரன்.)

“உம் நாயிஃப்! இங்க எங்க?”

“புதினா வாங்க வந்தேன், உம் தலால். நீங்க?”

“நானும் அதுக்குத்தான். ஏறப்போறீங்களோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்!”

“வாயக் கழுவுங்க! எங்க வம்சத்துலயே ‘அது’ கெடையாது.”

“எங்க வம்சத்துல மட்டும் இருக்கா என்ன?”

ஆளுக்கொரு கட்டு புதினாவோடு திரும்பினார்கள்.

(‘அது’ வந்த வீட்டில் யாரும் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதுமில்லை. எனக்குப் பின் ஒரு தங்கை. உம் தலாலுக்கும் கல்யாண வயதில் ஒரு மகள்.)

3.
கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிறகு ஒருநாள் அந்தத் தாய்கள் இருவரில் ஒருவரின் கைக்கு அது ஒரு...

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. இரண்டு வருடம் எல்லோரிடமும் மறைத்தார். “வண்டி வந்தப்பவே பாத்திருந்தா சின்னதா இருக்கறப்பவே புடிச்சிருக்கலாம்,” என்றார் தலைநகர் அம்மானிலிருந்த டாக்டர். அவரை அறையலாம் போலிருந்தது. அவர் என்ன செய்வார் பாவம்.

4.
குளிப்பாட்ட மற்றவர்தான் உள்ளே போனார். வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கி நான் ஏறியிருந்தா அவளும் ஏறியிருப்பாடி.”

இங்கே முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் இன்று வண்டி மறுபடி வந்திருக்கிறது. அவர் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எழுதுகிறவள் என்ற முறையில் அவரைப் படிவரை கொண்டுவந்துவிட்டேன். இதற்கு மேல் என் கையில் இல்லை. ஏனென்றால் அவர் மகளைக் கேட்டு வந்திருக்கும் வீட்டார் நீங்கள்தான். அவர் உங்களைப் பார்த்துவிட்டார். திரும்பி நடக்கப் போகிறார்.

வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்கள்.