வெயில் வரட்டும்

சித்தப்பா கட்டிலுக்கடியில் துடைப்பக் கட்டையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பழைய பெட்டி ஒன்று வந்தது. றெக்கை உடைந்த மின்விசிறி வந்தது. ஷூ வரவில்லை. எழுந்துபோய் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது.

அவள் கதவோரம் நின்றிருந்தாள். சொல்லியிருக்கலாம்.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியின் பிணவறையிலிருந்து சித்தியை எடுக்க வேண்டும். உடுத்த வேண்டிய துணி மடித்துப் பையில் தயாராக இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்தவளை வெறுங்காலோடு அனுப்ப மாட்டேன் என்று சித்தப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஷூ தைக்கக் குடுத்தது, சித்தப்பா. அங்கதான் இருக்கு."

"இன்னுமா தைக்கிறான்?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் கட்டிலில் உட்கார்ந்தார். ஓடிப்போய் வாங்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.

மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகுதான் தோளில் கேமராப் பை தொங்குவதைக் கவனித்தாள். பழக்கதோஷம். இரண்டாவது திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்தப் படிகளை யாரோ சுத்தமாகக் கழுவி விட்டிருந்தார்கள்.

புகைப்படம் படிக்க இந்த ஊருக்கு வந்து சித்தி வீட்டில் தங்கி இரண்டு வருஷமாகிறது. இந்தப் பருவத்துக்கு ஒரே மனிதர், ஒரே தொழில், பன்னிரண்டு படம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். பேருந்து நிலையத்து மதிலோரம் செருப்புத் தைக்கிறவரை அவள் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதமாக அவர் பக்கத்திலேயே பழியாய்க் கிடந்ததால் சித்தி அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டாள். அறுபது தாண்டியவர், தமிழ் தெரியாதவர், முன்பல் இரண்டு கிடையாது. சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே சித்தி கேட்பாள், மாப்பிள்ளை இன்றைக்கு என்ன சொன்னார் என்று. தன்னுடைய ஷூவின் அடி வாயைப் பிளந்தபோது ஜோடியாக எடுத்துக் கொடுத்து, "சித்தியோடதுன்னு சொல்லு. நமக்குன்னா நல்லாத் தைப்பாரு" என்றாள்.

திங்கட்கிழமை மூடாப்பு. செவ்வாயன்று தூறல். மெதுவாக, மெதுவாக என்று அவள் கேட்டுக்கொண்டதால் அவர் பாதிப் பாதியாகத் தைத்தார். போட்ட தையலைப் பிரித்து இன்னொரு தடவைகூடப் போட்டுக் காட்டினார். புதன்கிழமை முடித்துவிடப் பார்த்தவரிடம், அவர் மொழியில் தெரிந்த நாலு வார்த்தையையும் கையையும் வைத்துக் கெஞ்சினாள். முனையில் கொஞ்சம் விட்டு வைக்கவேண்டும், வெயில் வந்ததும் படம் எடுக்கவேண்டும் என்று. அவர் சிரித்துக்கொண்டே ஒதுக்கி வைத்தார்.

அன்று சாயங்காலம் சித்தி கேட்டதற்கு, நாளைக்கு என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை மழை. குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சித்தி வேலைக்குக் கிளம்பினாள். மாடிப்படியின் இரண்டாவது திருப்பத்தில் கால் வழுக்கியது. மத்தியானம் ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

இப்போது ஏறிய பேருந்து நகரவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஓடினாள். வெயில் பளிச்சென்று அடித்தது. தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்ட செருப்புத் தைக்கிறவர், தானாகவே முக்காலியை வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டார். ஷூவை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குத்தூசியை உயர்த்தினார். முகவாயை லேசாகத் தூக்கி, அப்படியே காத்திருந்தார்.

அவள் கடிகாரத்தைக் காட்டி, சீக்கிரம் என்றாள். அவர் தலையாட்டினார். ஊசி இறங்கவில்லை. கண் அவளுடைய பையின் மேல் இருந்தது. இறந்துவிட்டாள் என்பதற்கு அவர் மொழியில் என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊசி, நூல், மெதுவாக, இன்னொரு தடவை, கொஞ்சம் இந்தப் பக்கம். ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

கேமராவை எடுத்தாள். ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

அவர் தைக்கத் தொடங்கினார். நாலே நாலு தையல்தான் பாக்கி. ஒரு வாரமாகக் காத்திருந்த படம் அதுதான் என்று அழுத்தும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேமராவைப் பையின் அடியில் திணித்து ஜிப்பை இழுத்தாள். மறுபடி திறந்தாள், மூடினாள். அவர் நூலை அறுத்து, துணியால் துடைத்து, இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். இனி ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை என்று சித்தியிடம் சொல்லச் சொல்வதுபோல ஒரு விரலைக் காட்டினார். அவள் தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் சின்ன அறை. அங்கே வேலை பார்க்கும் பெண் சித்திக்குத் துணி உடுத்தி முடித்து, கதவை மறித்தாற்போல நின்றிருந்தாள். காலுறையைச் சித்தப்பாவே மாட்டிவிட்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து, தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் தைச்சிருக்கான்."

செய்தித்தாளை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார். "அந்த ரப்பர் செருப்பை நான் தூக்கிப் போட்டிருக்கணும். வழுக்குதுன்னு போன மாசமே சொன்னா. நான்தான் சட்டை பண்ணல."

வியாழக்கிழமையிலிருந்து வந்தவர்களிடமும் போனிலும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள். இங்கே எழுந்து போக இடமில்லை.

"புதன்கிழமையே முடிச்சிருப்பாரு, சித்தப்பா. நான்தான் நிறுத்தி வைக்கச் சொன்னேன். படத்துக்காக. வெயில் வரட்டும்னு."

அவர் நிமிராமலே ஷூவின் கயிற்றை ஒவ்வொரு ஓட்டையாகத் தளர்த்தி அடிவரைக்கும் வந்தார். வாயை அகட்டி, சித்தியின் வலது காலில் வைத்துத் தள்ளினார். கால் விறைத்திருந்தது. நுழையவில்லை. மறுபடி தள்ளினார்.

"பிடி" என்றார்.

"என்ன சித்தப்பா?"

"காலைப் பிடி."

அவள் மண்டியிட்டுச் சித்தியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஏறியதும் கயிற்றை அடியிலிருந்து ஒவ்வொரு ஓட்டையாக இழுத்து முடிச்சுப் போட்டார்.

இடது ஷூவை எடுக்கத் திரும்பினார். அவள் இன்னும் வலது காலை விடவில்லை.