பக்கத்து நாற்காலி

தேர்வு முடிவைத் துறை வாசலில் ஒட்டியிருந்தார்கள். வாயாடி தோற்றிருந்தாள். துரை பாஸாகியிருந்தான், அதுவும் வகுப்பிலேயே மூன்றாவதாக. தோற்றது ஒரு பக்கம் எரிந்தது என்றால், அவன் பாஸானது அதைவிட எரிந்தது. அவன் வாங்கிய மார்க் அத்தனையும் இவள் மண்டையிலிருந்து போனது.

இருவருக்கும் நல்ல பெயர்கள் உண்டு, வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. அவன் இவளுடைய அத்தை மகன். பிறந்ததிலிருந்து தாங்கு தாங்கென்று தாங்கப்பட்டதால் துரை. பல் விழுந்து முளைப்பதற்குள்ளேயே பெரியவர்களை மடக்கிப் பேசியதால் இவள் வாயாடி. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே கம்ப்யூட்டர் வகுப்பில் இருவருக்கும் இடம் கிடைத்தபோது, பெண்ணுக்குத் துணை இருக்கிறது என்று இரண்டு வீடுகளும் நிம்மதியாகத் தூங்கின.

லேப்பில் இரண்டு பேருக்கு ஒரு மிஷின். கீபோர்டுக்கு நேராக ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு நாற்காலி. முதல் நாளே துரை நேர் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடிப்பது போலப் பிடித்தான், அவ்வளவுதான். அன்றிலிருந்து அது அவன் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. கணக்கைப் படித்து, எதற்குப் பின் எது வரவேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல வரி வரியாகச் சொல்வது இவள். அடிப்பது அவன். திரையில் எரர் வந்தால் எதையோ தட்டுவான், போய்விடும். என்ன தட்டினான் என்று இவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

தேர்வில் ஆளுக்கொரு மிஷின் கொடுத்தார்கள். கேள்வி, மார்க்குகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துவது. லேப்பில் செய்ததுதான். அதைத் துரைக்குப் புரியவைக்க இவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருந்தாள். கடைசிவரை அவனுக்குப் புரியவில்லை. ஆனால் அடித்து அடித்து அவன் விரல்களுக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டு எழுந்து போனான்.

வாயாடிக்கு அடைப்புக்குறி எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போயிற்று. ஒரு வழியாக அடித்து முடித்தால், இருபதாவது வரியில் தப்பு என்றது மிஷின். அந்த வரியை அவள் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டாள், ஒரு தப்பும் இல்லை. தப்பு அதற்கு முந்தின வரியின் கடைசியில், விட்டுப்போன ஒரு அரைப்புள்ளியில் இருந்தது. எரரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே தெரிந்திருக்கும். இவள் கண் அதுவரை பார்த்ததெல்லாம் துரையின் பக்கவாட்டு முகத்தைத்தான்.

மறுதேர்வு ஒன்று உண்டு. அதிலும் கோட்டைவிட்டால் கம்ப்யூட்டர் துறையை விட்டே கழற்றி, இடம் காலியாகக் கிடக்கும் வேறு ஏதாவது துறையில் தள்ளிவிடுவார்கள்.

அன்று சாயங்காலமே அத்தை துக்கம் விசாரிக்க வந்துவிட்டாள், பாஸான மகனையும் கூட்டிக்கொண்டு. "அழாதடி, துரை சொல்லிக் குடுப்பான்" என்று தலையைத் தடவினாள். அக்கா பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத அப்பா, கௌரவம் பார்க்காமல் அவனிடம் கற்றுக்கொள் என்றார். துரை வெட்கப்பட்டுச் சிரித்து, "அதுக்கென்ன மாமா, நேரம் கிடைக்கறப்போ வரேன்" என்றான். வாயாடிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் நான் சொல்லித்தான் அவன் அடித்தான் என்று சொன்னாள். அத்தை அப்பாவைப் பார்த்தாள், அப்பா கூரையைப் பார்த்தார். தோற்றவள் வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று அந்த அறையே தீர்ப்பு எழுதிவிட்டது.

அவர்கள் போனபின் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அவன் குடுக்கல, சரி. நீ ஒரு தடவையாவது கேட்டியா?"

சுருக்கென்று தைத்தது. கேட்கவில்லை. அடிப்பது எடுபிடி வேலை, யோசிப்பதுதான் வேலை என்று மிதப்பில் இருந்துவிட்டாள். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அன்று சாப்பிடாமல் படுத்தாள்.

அடுத்த லேப்புக்கு முதல் ஆளாகப் போய் நேர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். துரை வந்து நின்றான்.

"எந்திரி. உனக்கு வராது."

"வராதுதான். அதனாலதான் உக்காந்திருக்கேன்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான். அவள் ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்தினாள். எரர் வரிசை கட்டி வந்தது, அவன் களுக்கென்று சிரித்தான். ஒருமுறை பொறுக்காமல் குறுக்கே கை நீட்டியபோது பட்டென்று தட்டிவிட்டாள். என்ன அடிக்கவேண்டும் என்று அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சொல்ல அவனிடம் என்ன இருந்தது? மறுதேர்வுவரை எல்லா லேப்பும் இப்படியே போயிற்று. துரை சாரிடம் முறையிட்டான். வேலை நகரவில்லை என்று சார் இவளைத்தான் கடிந்துகொண்டார்.

மறுதேர்வு அறைக்குள் நுழைந்ததும் வாயாடி சுற்றிப் பார்த்தாள். அத்தனை முகமும் தெரிந்த முகம். ஜன்னலோரத்து மிஷினின் பக்கத்து நாற்காலிக்காரி, தூணுக்குப் பின்னாலிருக்கும் மிஷினின் பக்கத்து நாற்காலிக்காரி, கதவோரத்தில் வாயே திறக்காத ஒருவன். நேர் நாற்காலிக்காரர் ஒருவர்கூட இல்லை.

சார் உள்ளே வந்ததும் அர்ச்சனையைத் தொடங்கினார். வருஷம் முழுக்க லேப்பில் வேடிக்கை பார்த்துவிட்டு இப்போது வந்து நிற்கிறீர்கள், வெட்கமாக இல்லையா என்றார்.

வாயாடி எழுந்தாள். "வேடிக்கை பாக்கல சார். எங்க கைக்கு கீபோர்டே வரல. இங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க."

சார் யாரையும் கேட்கவில்லை. உட்கார் என்றார், கேள்வியைக் கொடுத்தார். ஒரு பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வரும் எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடித்தாள். எரர் வந்தது, படித்தாள், முந்தின வரியையும் பார்த்தாள், திருத்தினாள். மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை எரர் இல்லை, ஆனால் ஒரே எண் திரை முழுக்கக் கொட்டிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை. நேரம் முடியப்போகிறது. சார் பின்னால் வந்து நின்று பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"சின்னத் தப்புதாம்மா. கையை எடு, நான் போட்டுத் தரேன்."

எடுத்திருந்தால் அதோடு பாஸ்.

"தொடாதீங்க சார்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும் சார். இத்தனை நாளும் எல்லாரும் என் நல்லதுக்குத்தான் அடிச்சுக் குடுத்தாங்க."

சார் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் முகம் சிவந்ததை அவள் பார்க்கவில்லை. கொட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள், முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூட்டி அடுத்த எண்ணுக்கு நகரச் சொல்ல மறந்திருந்தாள். மிஷின் முதல் எண்ணிலேயே செக்கு மாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியை ஒற்றை விரலால் அடித்து, ஓட்டினாள். எண்கள் வந்தன, நின்றன.

சார் அவள் பெயருக்கு நேரே டிக் போட்டார். பிறகு ஜன்னலோரத்துப் பெண்ணிடம் போய், பழக்கதோஷத்தில் கீபோர்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"எனக்கும் வேணாம் சார்" என்றாள் அவள்.